ஸ்லைடு வாசிப்பதற்கு எந்த எலக்ட்ரிக் கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திகளின் மேல் வழுக்கவிடும் குழாய்) வாசிப்பதற்கென்றே ஓர் எலக்ட்ரிக் கிட்டாரை அமைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள். கிப்சன் நிறுவனத்தின் எஸ்ஜி, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் ஆகிய மூன்றில் எது பொருத்தமானது, புதிதாக வாங்க வேண்டுமா, அல்லது கையில் இருக்கும் பழைய கிட்டாரையே மாற்றியமைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றுமே சரியான விடைதான். டுவேன் ஆல்மனும் டெரெக் டிரக்ஸும் எஸ்ஜியிலும், பானி ரெயிட்டும் சானி லாண்ட்ரெத்தும் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும், மடி வாட்டர்ஸ் டெலிகாஸ்டரிலும் ஸ்லைடு வாசித்துப் புகழ்பெற்றவர்கள். எனவே பெயரிலிருந்து தொடங்கினால் முடிவுக்கு வர முடியாது. தந்திகள் பிரிட்ஜில் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் அமைப்பில்) எந்த உயரத்தில், எந்த வளைவில் அமர்ந்திருக்கின்றன, அவற்றை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அந்தப் பிரிட்ஜ் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மரம், வடிவம், தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் எல்லாம் அதற்குப் பின்புதான் வருகின்றன.

காரணம் எளிது. ஸ்லைடு நேரான ஒரு குழாய்; கிட்டாரின் கழுத்துப் பலகையான ஃபிங்கர்போர்டோ குறுக்குவாட்டில் வளைந்தது, தந்திகளும் அதே வளைவைப் பின்பற்றியே அமைக்கப்பட்டிருக்கும். இந்த வளைவை ஒரு வட்டத்தின் ஆரமாகக் குறிப்பிடுவது வழக்கம். பழைய முறையில் செய்யப்படும் ஃபெண்டர் கிட்டார்களில் அந்த ஆரம் 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5 அங்குலம், கிப்சன்களில் 12 அங்குலம். ஆரம் கூடக்கூடப் பலகை தட்டையாகிறது. பிரிட்ஜில் முதல் (மிக மெல்லிய) தந்திக்கும் ஆறாம் (மிகத் தடித்த) தந்திக்கும் இடையே சுமார் 52 மி.மீ. அகலம் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், 7.25 அங்குல ஆரத்தில் நடுத்தந்திகள் ஓரத்தந்திகளைவிட ஏறத்தாழ 1.8 மி.மீ. உயர்ந்து நிற்கும், 12 அங்குல ஆரத்தில் அந்த வேறுபாடு 1.1 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு கையில் தெரியாது, ஏனெனில் விரலின் சதை எந்த வளைவுக்கும் வளைந்து கொடுக்கும். கண்ணாடிக்கும் பித்தளைக்கும் அந்த வசதி இல்லை. நடுத்தந்திகளின் மேல் ஸ்லைடு படிந்தவுடன் ஓரத்தந்திகள் தொடப்படாமல் தொங்கும். அவற்றையும் தொடுவதற்காகச் சற்று அழுத்தினால் நடுத்தந்திகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் (பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பியில்) மோதி ‘டக்’ என்று ஒலிக்கும்.

இதை எந்தக் கிட்டாரிலும் ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். கிட்டாரை மடியில் கிடத்தி, ஒரு சிறிய இரும்பு அளவுகோலை 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஆறு தந்திகளுக்கும் குறுக்காக, விளிம்பு கீழே இருக்குமாறு, அழுத்தாமல் வையுங்கள். கண்ணைத் தந்திகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் வெளிச்சம் இருக்குமாறு பார்த்தால், முதல் தந்திக்கும் அளவுகோலுக்கும் இடையிலும், ஆறாம் தந்திக்கும் அளவுகோலுக்கும் இடையிலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பின்பு அளவுகோலை முதல் மூன்று தந்திகளின் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஸ்லைடில் பெரும்பாலான இராகப் போக்கு இந்த மூன்று தந்திகளில்தான் நடக்கிறது. அவற்றின்மேல் அளவுகோல் ஏறக்குறைய ஒரே சீராகப் படிந்தால் அந்தக் கிட்டார் ஸ்லைடுக்குப் பாதி தயாராகவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி, இந்த வளைவை மாற்றும் வழியைப் பார்ப்போம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சேடில் (பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு துண்டு) இருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு சிறு திருகுகளால் உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். ஆகவே ஓரத்தந்திகளை உயர்த்தி, ஆறு தந்திகளையும் பிரிட்ஜில் தட்டையாக்கிவிடலாம். கழுத்தின் மறுமுனையில் தந்திகள் அமரும் நட்டில் பழைய வளைவு அப்படியே இருக்கும். ஆனால் 12ஆம் ஃப்ரெட் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் சரிபாதித் தொலைவில் இருப்பதால், 7.25 அங்குல ஆரம் கொண்ட கழுத்தில்கூட அங்கே சுமார் 1.3 மி.மீ. இருந்த வளைவு 0.4 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். வளைவு அதிகமான பழைய ஃபெண்டர் கழுத்துகள் ஸ்லைடுக்கு ஆகாது என்று சிலர் உறுதியாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. சேடில் தனித்தனியாக நகரும் வரை அந்தக் குறையைத் திருகுகளே தீர்த்துவிடுகின்றன. ஆனால் முழுக்கத் தட்டையாக்கவும் வேண்டாம். சிறிதளவு வளைவு இருந்தால்தான் ஸ்லைடின் நுனியைச் சற்றே சாய்த்து ஒரு தந்தியை மட்டும் தொட முடியும். தொழிற்சாலை வைத்த வளைவில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைப்பது என் வழக்கம். ஓரத்தந்திகளை உயர்த்துவதற்குப் பதிலாக நடுச்சேடில்களைத் தாழ்த்தினால் அவற்றின் திருகுகள் மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையை உறுத்தக்கூடும். நீளம் குறைந்த திருகுகளை மாற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும்.

டெலிகாஸ்டரின் பழைய அமைப்பில் மூன்றே சேடில்கள். ஒவ்வொன்றும் இரு தந்திகளைத் தாங்குகிறது. ஆயினும் ஒவ்வொரு சேடிலையும் ஒரு பக்கம் உயர்த்தி மறுபக்கம் தாழ்த்த முடியும் என்பதால் உயரத்தைப் பொறுத்தவரை குறை எதுவும் இல்லை. எஸ்ஜியிலும் கிப்சனின் இன்னொரு கிட்டாரான லெஸ் பாலிலும் இருக்கும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் வேறு வகை. அதை இரு புறமும் உள்ள திருகுகளால் மொத்தமாகத்தான் உயர்த்த முடியும். ஒரு தந்தியை மட்டும் தாழ்த்த வேண்டுமானால் அதன் சேடிலில் உள்ள வெட்டை அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். ஆனால் அந்தக் கழுத்தின் ஆரம் 12 அங்குலமாக இருப்பதால் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. கட்டைவிரலால் உருட்டும் இரண்டு சக்கரங்களை ஒரு சுற்று சுற்றினாலே உயரம் மாறிவிடும் என்பது ஒரு பெரிய வசதி. லெஸ் பால் ஜூனியரில் உள்ளது போன்ற ஒற்றைத்துண்டுப் பிரிட்ஜ் இன்னும் எளிமையானது. அதில் வளைவை மாற்ற முடியாது, உயரத்தை மட்டும் மாற்றலாம்.

உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. விரலால் வாசிக்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டின் மேல் முதல் தந்தி சுமார் 1.6 மி.மீ., ஆறாம் தந்தி சுமார் 2 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். ஸ்லைடுக்கு முதல் தந்தியை 2 முதல் 2.5 மி.மீ. வரையிலும், ஆறாவதை 2.5 முதல் 3 மி.மீ. வரையிலும் உயர்த்தினால் இலேசான கை கொண்ட எவரும் ஃப்ரெட்டில் இடிக்காமல் வாசிக்க முடியும். அதற்கு மேலும் உயர்த்தத் தோன்றினால், குறை கிட்டாரில் இருக்கிறதா, கையின் அழுத்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்லைடு தந்தியின் மேல் தன் எடையளவுக்குப் படிந்தால் போதும், அழுத்தம் தேவைப்படுவதில்லை. உயரத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், ஸ்லைடுக்குப் பின்னால் மற்ற விரல்களால் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் வாய்ப்பை இழந்துவிடுவீர்கள். சானி லாண்ட்ரெத்தின் வாசிப்பில் பாதிக்கு மேல் அந்த உத்தியின் மீதே நிற்கிறது.

இந்த இடத்தில் எந்த விரலில் ஸ்லைடை அணியப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் வருகிறது. மடி வாட்டர்ஸ், ஜானி விண்டர், லாண்ட்ரெத் ஆகியோர் சுண்டுவிரலில் அணிந்தார்கள்; ஆல்மனும் டிரக்ஸும் மோதிரவிரலில்; பானி ரெயிட் நடுவிரலில். சுண்டுவிரலில் அணிந்தால் மூன்று விரல்கள் அழுத்தி வாசிக்க எஞ்சுகின்றன. அப்படி வாசிப்பவர்கள் மேலே சொன்ன அளவுகளில் கீழ் எல்லையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. மோதிரவிரலிலோ நடுவிரலிலோ அணிபவர்கள் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்லைடின் எடையும் அப்படித்தான். தடித்த பித்தளை தன் எடையாலேயே தந்தியை அழுத்தும், நீண்டு ஒலிக்கும், அதற்கு உயரமும் பருமனான தந்தியும் வேண்டும். மெல்லிய கண்ணாடி இலேசானது, தாழ்ந்த தந்திகளிலும் ஓடும். ஆல்மன் பயன்படுத்தியது கோரிசிடின் என்ற சளி மருந்தின் காலிக் கண்ணாடிப் புட்டி. லோவெல் ஜார்ஜ் பயன்படுத்தியது ஸ்பார்க் பிளக் கழற்றும் இரும்புச் சாக்கெட். இரண்டும் இரு வேறு கிட்டார் அமைப்புகளைக் கேட்பவை. ஆகவே கிட்டாரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் வாசிக்கப்போகும் ஸ்லைடையே பையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்லைடை முடிவு செய்யாமல் கிட்டாரை முடிவு செய்வது தலைகீழான வரிசை.

நட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் சில ஃப்ரெட்டுகளில் ஸ்லைடு இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நட் தாழ்ந்திருப்பதுதான். அதன் அடியில் மெல்லிய தகடோ கெட்டித்தாளோ வைத்து 0.3 மி.மீ. அளவுக்கு உயர்த்தினாலே வேறுபாடு தெரியும். அதற்கு மேல் போனால், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் விரலால் அழுத்தும் சுரங்கள் சுருதி ஏறி ஒலிக்கும். தந்திகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்கி நிறுத்தும் உலோக நட்டும் கிடைக்கிறது. கிட்டாரை மடியில் கிடத்தி, கையில் பிடிக்கும் இரும்புத் துண்டால் வாசிப்பவர்களுக்கானது அது. விரலில் அணியும் ஸ்லைடுக்கு அது வேண்டாம்.

அடுத்தது சுருதி நிலைப்பு. ஸ்லைடு வாசிப்பவர்களில் பலர் திறந்த சுருதிகளில், அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும் வகையில் தந்திகளைச் சேர்த்து வாசிக்கிறார்கள். ஆறாம் தந்தியிலிருந்து சொன்னால், திறந்த ஈ என்பது ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. திறந்த ஜி என்பது டி, ஜி, டி, ஜி, பி, டி. திறந்த டி, திறந்த ஏ ஆகியவை முறையே இவற்றின் இரண்டு ஃப்ரெட் இறங்கிய, இரண்டு ஃப்ரெட் ஏறிய வடிவங்கள். இவற்றுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு கழுத்தின் மீது விழும் இழுவிசையில் இருக்கிறது. ஒரே தந்தியை இரண்டு ஃப்ரெட் அளவு உயர்த்திச் சுருதி சேர்த்தால் அதன் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடுகிறது; அதே அளவு இறக்கினால் சுமார் 21 சதவீதம் குறைகிறது. திறந்த ஈயில் இரண்டு தந்திகள் இரண்டு ஃப்ரெட்டும் ஒரு தந்தி ஒரு ஃப்ரெட்டும் ஏறுகின்றன. திறந்த டியிலோ நான்கு தந்திகள் இறங்குகின்றன. வழக்கமான தந்திகளே அதில் தளர்ந்துபோய் ஸ்லைடின் எடை தாங்காமல் தொய்யும். ஆக, திறந்த ஈயில் வாசிப்பவருக்கு 10–46 அல்லது 11–49 தொகுதி போதும் (முதல், ஆறாம் தந்திகளின் பருமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் குறிக்கும் எண்கள் இவை). திறந்த டியிலோ ஜியிலோ வாசிப்பவர் 12–52க்கு, முதல் தந்தியை மட்டுமாவது 13க்குப் போகலாம். கிட்டாரின் தந்தி நீளமும் இதில் சேர்கிறது. ஃபெண்டரின் 25.5 அங்குல நீளத்தில் அதே தந்தி, அதே சுருதியில், கிப்சனின் 24.75 அங்குல நீளத்தைவிட ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் இறுக்கத்துடன் இருக்கும். தாழ்ந்த சுருதிகளுக்கு நீண்ட கழுத்தும், உயர்ந்த சுருதிகளுக்குக் குறுகிய கழுத்தும் இயல்பாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம். வாரன் ஹேன்ஸைப் போல வழக்கமான சுருதியிலேயே ஸ்லைடு வாசிப்பவர்களுக்கு இந்தக் கவலை ஏதும் இல்லை.

இங்கேதான் கைப்பிடியால் சுருதியை அசைக்கும் மிதக்கும் ட்ரெமொலோ பிரிட்ஜ் பெரும் இடையூறாகிறது. ஸ்பிரிங்குகளின் இழுவையும் தந்திகளின் இழுவையும் சமன்படும் நிலையில் நிற்கும் அந்தப் பிரிட்ஜில், ஒரு தந்தியை மாற்றினால் மற்ற ஐந்தும் மாறும்; ஒன்றை ஏற்ற, அடுத்தது இறங்க, சுருதி சேர்ப்பதே ஓயாத வேலையாகிவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஸ்லைடுக்கு ஒதுக்குவதாக இருந்தால், பின்புறக் குழிக்குள் ட்ரெமொலோ கட்டைக்கும் மரத்துக்கும் இடையில் அளவாக ஒரு மரத்துண்டைச் செருகி அதை அசையாமல் நிறுத்திவிடுங்கள். இன்னொன்றையும் செய்யுங்கள்: அந்த ஸ்பிரிங்குகளின் அடியில் சிறிது பஞ்சு வைத்துவிடுங்கள். ஸ்லைடு சுரம் நின்ற பிறகும் ஸ்பிரிங்குகள் தாமாக ஒலித்துக்கொண்டிருக்கும். விரலால் வாசிக்கும்போது கவனத்துக்கு வராத அந்த முணுமுணுப்பு, நீண்ட ஸ்லைடு சுரங்களின் பின்னால் நன்றாகவே கேட்கும். மிதக்கும் ட்ரெமொலோவின் இன்னொரு வடிவமான ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ் கொண்ட கிட்டாரை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

நட்டின் வெட்டுகளும் சுருதியைக் கெடுக்கும். தலைப்பகுதியில் மூன்று மூன்றாக ட்யூனர்கள் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகிகள்) உள்ள கிப்சன் வகையில், மூன்றாம் நான்காம் தந்திகள் நட்டிலிருந்து பக்கவாட்டில் திரும்பிச் செல்கின்றன. பருமனான தந்தி குறுகிய வெட்டில் சிக்கிக்கொண்டு, ட்யூனரைத் திருப்பியும் சுருதி நகராமல் நின்று, பிறகு ‘டிங்’ என்று ஒரேயடியாகத் தாவும். வெட்டைப் புதிய தந்தியின் பருமனுக்கேற்ப அகலப்படுத்தி, பென்சில் கரியைத் தடவிவிட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு கிட்டாரை ஒரே சுருதியில் நிரந்தரமாக விட்டுவைப்பது இதைவிடவும் நல்லது. ஆல்மனின் குழுவில் உடன் வாசித்த டிக்கி பெட்ஸ் தம்முடைய எஸ்ஜியை டுவேன் ஆல்மனுக்குக் கொடுத்ததற்குக் காரணமே, பாடல்களுக்கு இடையே சுருதி மாற்றிக்கொண்டிருக்கும் வேலை அவருக்கு இல்லாமல் போக வேண்டும் என்பதுதான். தனிக் கிட்டார் வைத்துக்கொள்ளும் உங்கள் எண்ணத்துக்கு இதைவிட நல்ல ஆதரவு எனக்குத் தெரியவில்லை.

பிக்கப்பைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள், என் பார்வையில் அது சுவையைப் பொறுத்த விஷயம். ஆனால் பிரிட்ஜோடு தொடர்புடைய ஒரு நுட்பம் அதில் இருக்கிறது. தந்திகளை உயர்த்தினால் அவை பிக்கப்பிலிருந்து விலகும். அதற்கேற்ப பிக்கப்பையும் உயர்த்த வேண்டும். தந்திகளைத் தட்டையாக்கினாலோ ஓரத்தந்திகள் நடுத்தந்திகளைவிடக் கூடுதலாக விலகும். பழைய முறை ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் காந்தங்கள் வெவ்வேறு உயரத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டவை. அதுவும் மூன்றாம் தந்தி சுற்றுக்கம்பி கொண்டதாக இருந்த காலத்துக்கு ஏற்ப மூன்றாம் காந்தம் உயர்ந்து நிற்கும். இன்றைய சுற்றில்லாத மூன்றாம் தந்தி அதன்மேல் உரத்து ஒலிக்க, முதல் தந்தி மெலிந்துபோகும். ஸ்லைடில் உயிர்நாடியான தந்தி அந்த முதல் தந்திதான். சுற்றுக்கம்பி கொண்ட மூன்றாம் தந்தி உள்ள பருமனான தொகுதியைப் பூட்டினால் பழைய காந்த அமைப்பு மறுபடியும் பொருந்திவரும். இல்லையென்றால் காந்தங்கள் சம உயரத்தில் உள்ள பிக்கப்பையோ, தனித்தனித் திருகுகளால் ஏற்றி இறக்கக்கூடிய ஹம்பக்கரையோ (இரட்டைச் சுருள் பிக்கப்) பி-90ஐயோ (ஒற்றைச் சுருள் பிக்கப்) நாடலாம். அளவுக்கு மீறி வலுவான பிக்கப் ஸ்லைடுக்கு நல்லதல்ல. சுரத்தோடு ஸ்லைடு உரசும் ஓசையையும் அது பெரிதாக்கிக் காட்டும். என்னைக் கேட்டால் மிதமான பி-90தான் முதல் தேர்வு. குரலைப் போன்ற ஒரு கரகரப்பும் தெளிவும் அதில் ஒருசேர இருக்கின்றன.

ஸ்லைடு கலைஞர் ரை கூடரின் கிட்டார் இந்த வகையில் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றின் பிரிட்ஜ் பக்கத்தில் வால்கோ நிறுவனம் செய்த மடிக் கிட்டாரின் பிக்கப்பையும், கழுத்துப் பக்கத்தில் ஜப்பானிய டெய்ஸ்கோ கிட்டாரின் தங்கத்தகடு பிக்கப்பையும் அவர் பொருத்திக்கொண்டார். இரண்டும் அந்நாளில் மலிவான கிட்டார்களில் வந்தவை. கேட்க வேண்டிய ஒலி எது என்று தெளிவாகத் தெரிந்தவர் பொருளின் விலையையோ பெயரையோ பார்ப்பதில்லை என்பதற்கு அது கண்கூடான சான்று.

கிட்டாரின் எடைச் சமநிலை அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. ஆனால் ஸ்லைடில் அதன் முக்கியத்துவம் பெரிது. விரலால் அழுத்தி வாசிக்கும்போது இடக்கை தன்னையறியாமலே கழுத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஸ்லைடு வாசிக்கும் இடக்கை தந்திகளின் மேல் தடையின்றி மிதக்க வேண்டும். பின்னால் வரும் விரல்கள் தந்திகளை மெல்லத் தொட்டு வேண்டாத ஓசையை அடக்க வேண்டும். சுரத்தை மெல்ல அசைக்கும் விப்ராட்டோவில் முன்னும் பின்னும் சீராக அசைய வேண்டும். கழுத்துப் பக்கம் கனமாகச் சாயும் கிட்டாரில் அந்தக் கை பாரம் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய நேரும். விப்ராட்டோ உடனே இறுகிவிடும். எஸ்ஜிக்கு இந்தச் சாய்வு உண்டு என்பது தெரிந்ததே. அகலமான, உட்புறம் சொரசொரப்பான தோல்பட்டை அதைப் பெருமளவு தடுக்கும். அதே எஸ்ஜியின் இரட்டை வெட்டும், கழுத்து உடலுடன் மிகத் தள்ளி இணைவதும் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கையைத் தாராளமாக விடுகின்றன. திறந்த ஈயில் வாசிப்பவரின் கை 12ஆம் ஃப்ரெட்டிலும் அதற்கு மேலும்தான் அதிக நேரம் இருக்கும் என்பதால் இது வெறும் வசதி என்று ஒதுக்கத்தக்கதல்ல.

இவற்றையெல்லாம் சேர்த்து உங்கள் மூன்று பெயர்களுக்கு வருகிறேன். திறந்த ஈயில், மோதிரவிரல் ஸ்லைடுடன், நீண்டு பாடும் ஒலியை நாடுகிறீர்கள் என்றால் எஸ்ஜி. பிரிட்ஜை உயர்த்துவதைத் தவிர அதில் செய்வதற்கு அதிகம் இல்லை. திறந்த ஜியிலோ ஏயிலோ, தாளக் கார்டுகளோடு கலந்து, சுண்டுவிரலில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் டெலிகாஸ்டர். அசையாத பிரிட்ஜ், நீண்ட கழுத்து, தொல்லையற்ற சுருதி ஆகிய மூன்றும் அதில் இயல்பாகவே இருக்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதிக வேலை கேட்கும், ஆனால் வேலை செய்தால் மற்ற இரண்டையும்விட உங்கள் விருப்பத்துக்கு நெருக்கமாக வளைந்து கொடுக்கும். எது என்று இன்னும் தெரியாத நிலையில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் டெலிகாஸ்டரையே சொல்வேன்.

ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டில் இருக்கும் பழைய கிட்டாரைப் பாருங்கள். தேய்ந்த ஃப்ரெட்டுகள், ஒன்றிரண்டு ஃப்ரெட் உயர்ந்து நின்று எழுப்பும் அதிர்வொலி, தாழ்த்தவே முடியாத தந்தி உயரம் ஆகிய குறைகளால் விரல் வாசிப்புக்கு உதவாமல் போன கிட்டார் ஸ்லைடுக்குப் பழுதற்ற கருவியாகலாம், ஏனெனில் ஸ்லைடு ஃப்ரெட்டைத் தொடுவதே இல்லை. ஃப்ரெட் வெறும் இடக்குறியாக மட்டுமே நிற்கிறது. ஹவுண்ட் டாக் டெய்லர் ஜப்பானில் தயாரான மலிவு கிட்டார்களில் வாசித்தே தமக்கென ஓர் ஒலியை உண்டாக்கினார். மன்னிக்கக் கூடாத குறைகளும் உண்டு: வழுக்கும் ட்யூனர்கள், முறுக்கிக்கொண்ட கழுத்து, வேலை செய்யாத ட்ரஸ் ராட் (கழுத்தின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி). பருமனான தந்திகளின் இழுவிசையை அந்தக் கழுத்து தாங்க வேண்டும் என்பதால் ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்லைடுக்கு மட்டுமே ஒதுக்கும் கிட்டாரில் இன்னொரு மாற்றத்தையும் பரிந்துரைக்கிறேன். வழக்கமான கிட்டாரில் சேடில்கள் முன்பின்னாக நிற்பதற்குக் காரணம், தந்தியை ஃப்ரெட்டுக்கு அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுசெய்வதுதான். ஸ்லைடு தந்தியை அழுத்துவதில்லை. ஈடுசெய்ய வேண்டிய ஏற்றமும் பெரும்பாலும் இல்லை. அந்த நிலையில் முன்பின்னான சேடில்கள் தீங்கே செய்கின்றன: 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஸ்லைடை நேராக வைத்தாலும் ஆறு தந்திகளும் ஒரே கார்டாகச் சேராமல், தடித்த தந்திகள் சற்றே இறங்கி ஒலிக்கும். மடிக் கிட்டார்களின் பிரிட்ஜ் நேர்க்கோட்டில் இருப்பது இதனால்தான். டான்எலக்ட்ரோவின் பழைய கிட்டார்களில் இருந்த ஒற்றை ரோஸ்வுட் சேடிலும் ஏறக்குறைய நேரானதுதான். விரல் வாசிப்பில் குறையாகச் சொல்லப்படும் அந்த அமைப்பு ஸ்லைடில் குறையாகவே தெரிவதில்லை. நீங்கள் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கப் போவதே இல்லை என்றால் சேடில்களை ஏறக்குறைய ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்லைடுக்குப் பின்னால் விரல் வைத்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

வேலையைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் முடிவு செய்த பருமனில் புதிய தந்திகளைப் பூட்டி, நிரந்தரமாக வைக்கப்போகும் சுருதிக்கே சேர்த்துவிடுங்கள். வழக்கமான சுருதியில் அமைத்துவிட்டுப் பிறகு மாற்றினால் இழுவிசை மாறி எல்லா அளவுகளும் மாறிவிடும். அடுத்து ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், கழுத்தை ஏறக்குறைய நேராக்குங்கள். பின்பு நட்டின் வெட்டுகள், அதன் பின் பிரிட்ஜின் உயரமும் வளைவும், அதன் பின் சேடில்களின் முன்பின் இடம், கடைசியாகப் பிக்கப்பின் உயரம். கனத்த தந்திகளின் கீழ் கழுத்து மெதுவாகத்தான் தன் நிலைக்கு வந்து சேரும். எனவே சில நாள் வாசித்த பிறகு 12ஆம் ஃப்ரெட்டின் மேல் முதல் தந்தியின் உயரத்தை மறுபடியும் அளந்து பார்த்து, அது இறங்கியோ ஏறியோ இருந்தால், பிரிட்ஜைத் தொடுவதற்கு முன் ட்ரஸ் ராடையே திருத்துங்கள்.